கேட்டா கையத் தூக்கு

— காத இன்னும் கிட்ட வை மாமா. கம்ப்யூட்டர் பொட்டி மேலயே வை. வச்சியா?

— வச்சிகினுதாம்மே கீறேன். கன்னம் சுடுது.

— இப்ப கேக்குதா?

— ம்... கேக்குது.

— கேக்குதா! மெய்யாலுமே?

— ஃபேனு கேக்குது. கொர்ருனு கன்னத்துல அதிருது. வேற ஒண்ணும் இல்ல.

— ஃபேன உடு. அது பன்னி மாதிரி உறுமும், எல்லாருக்கும் தெரியும். நான் சொல்றது அதுக்கு மேல. ஊசி மாதிரி, ஈ...னு, மூச்சே உடாம. நான் ஸ்கிரீன்ல எழுத்த மேல தள்ளுனா ஏறுது, கைய எடுத்தா எறங்குது. தோ, தள்ளறேன் பாரு. இப்போ! இப்போ மாமா!

— பேபி.

— கேக்கலியா?

— பேபி, எய்ந்திரு. மணி ஒம்போதரையாவப் போவுது. பத்துக்கெல்லாம் அக்கா வேன் எட்துகினு வந்துரும். போய் தலைய வாரிக்கோ.

— நான் போவ மாட்டேன்.

— மறுபடியும் மொதல்லேந்து ஆரம்பிக்காத. நேத்தே பேசி முட்ச்சாச்சி.

— நீயும் உங்க அக்காவும் பேசி முட்ச்சீங்க. என்ன யாரு கேட்டது? நான் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன். என் துணிய நான் மடிக்கறதுக்கு முன்னாடி உங்க அக்கா வேம்புலியம்மா அண்ணியே மடிச்சி பையில போட்டாச்சி. எத்தினி பொடவ தெரியுமா? எட்டு! மூணு நாளைக்கு எட்டு பொடவயா?

— மூணு நாளுன்னு யாரு சொன்னது?

— பாத்தியா. பாத்தியா மாமா, வாயில வந்துட்ச்சி. ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு. அந்த பூசாரி ஊட்டு கொட்டாயில என்ன கட்டிப் போடப் போறீங்க.

— கட்டல்லாம் மாட்டாங்க. வேப்பல அடிப்பாங்க, தீர்த்தம் தெளிப்பாங்க. அவ்ளோதான். நல்லா ஆயிட்டு வருவ.

— எங்கம்மாவுக்கும் இதத்தான் சொன்னாங்க. போவும்போது என் தலைக்கு கனகாம்பரம் வச்சிவுட்டுப் போச்சி. நாப்பத்தெட்டு நாளு கழிச்சி வந்து என்ன பாத்து, 'யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?'ன்னு கேட்டுச்சி. எனக்கு எட்டு வயசு. அன்னிக்கு உட்ட பூவ இன்னிவரைக்கும் வைக்கல நான்.

— தோ பாரு, ஊக்க வாயில கவ்விகினு பேசாத. ஒரு எழவும் புரியல. எட்துட்டு பேசு.

— எட்துட்டேன். போதுமா? எங்கம்மாவுக்கு காதுக்குள்ள ஆளுங்க பேசனாங்க மாமா. செத்துப்போன எங்க தாத்தா பேசனாரு. எனக்கு யாரும் பேசல. எனக்கு பொட்டி கத்துது. தோ, இந்த தம்மாத்தூண்டு பொட்டி. ரெண்டும் ஒண்ணா?

— உங்கம்மாவும் மொதல்ல இப்டித்தான் சொன்னாங்களாம். 'காதுல ஈ ஓடுது'ன்னு. அப்பறந்தான் ஆளுங்க வந்தாங்களாம். உங்க சித்தப்பாவே சொன்னாரு.

— ஆம்பளைங்க சொன்னா சத்தியம், நான் சொன்னா பைத்தியம்.

— பைத்தியம்னு நான் சொன்னனா? என்னிக்காவது என் வாயால சொல்லிகீறனா?

— வேன் பேசிகீறியே, அது இன்னா?

— பேபி, நீ செவ்வாக்கெழம பண்ணத மறந்துட்டியா? நான் மறக்கல. கண்ண மூடுனா அதான் தெரியுது. ரெண்டாவது ஷிப்ட்டுக்கு சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டேன்னு திரும்பி வரேன். ரூம்பு பூரா பொக. வயரு தீயற நாத்தம். பொட்டியில கீற ஓட்டையெல்லாம் பூரா நம்ம புள்ள சுசீயோட கவுன கிழிச்சி அடைச்சி வச்சிகீற. மேல ஒரு தலவாணி வேற. புள்ள அதே ரூம்புல, பாயில தூங்கிகினு கீது. நீ எதிர்க்க குந்திகினு காதப் பொத்திகினு ஆடிகினு கீற. கூப்புடறேன், திரும்ப மாட்டன்ற. அன்னிக்கு எனக்கு வந்த மெர்சலு இன்னும் எறங்கல. டப்பா மறந்ததால புள்ள பொழச்சிது. மறக்காம போயிருந்தா?

— தப்புதான். சாமி சத்தியமா தப்புதான் மாமா. சின்ன பொட்டி, உள்ள சூடு ஆவும், மூச்சு உடத்தான் அந்த ஓட்டைங்கன்னு எனக்குத் தெரியாதா? கிளாஸ்ல மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க. தெரிஞ்சிதான் அடைச்சேன். ரகுநாதன் சார் அச்சு பிரஸ்ஸுக்கு கல்யாணப் பத்திரிக டைப் அடிச்சி முடிக்கணும், ஒரு பத்து நிமிசம் அந்த சத்தம் அடங்குனா போதும்னு இருந்துச்சி. அடங்கல. துணிக்குள்ளேந்து கத்துச்சி.

— பாரு. துணிக்குள்ளேந்து கத்துச்சின்ற. கேக்கறவன் இன்னா நெனப்பான்?

— நீ இன்னா நெனக்கற?

— எனக்கு பயமா கீதும்மே. அதத்தான் நெனக்கறேன். நான் ஷிப்ட்டுக்கு போயிட்டா நீயும் புள்ளயும் இந்த ஊட்ல தனியா கீறீங்க. கம்பெனியில தகடு வெட்டற பிரஸ்ஸு மிசினாண்ட நின்னுகினு தகட்ட வெக்கறேன், கை அங்க கீது, நெனப்பு இங்க கீது. வியாழக்கெழம வெரலு போவ வேண்டியது. பக்கத்து மிசினு வீராசாமி தோள புடிச்சி இயுத்தான்.

— இத ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ இன்னும் பயப்படுவ. அப்பறம் சுசீ வேற. மூணு வயசுப் புள்ள. இந்த ரூம்புல கால வச்சா ரெண்டு காதையும் பொத்திகினு அயுவுது. உன்ன மாதிரியே பொத்துது பேபி. அத பாத்த அன்னிக்குத்தான் அக்காகிட்ட போயி நின்னேன்.

— புள்ளைக்கும் கேக்குது மாமா! அதான் பொத்துது!

— அதாண்டி எனக்கு பயம்! உங்கம்மாவுக்கு வந்துச்சி, உனக்கு வந்துச்சி, இப்ப அதுக்கும் வந்துட்ச்சின்னா? அதான் புள்ள பூந்தமல்லியில அக்காகிட்ட இருக்கட்டும்னு சொன்னேன்.

— எது? சுசீய என்கிட்டேந்து பிரிக்கறீங்களா?

— கொஞ்ச நாளுதான்.

— இதுவும் நேத்து பேசி முட்ச்சதா?

— அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— மாமா, என் மூஞ்ச பாரு.

— உன் மூஞ்சத்தாம்மே பாத்துகினு கீறேன். எப்பவும் உன் மூஞ்சத்தான் பாக்கறேன்.

— கரண்ட் போனா மட்டும் பாக்க மாட்ட. ரெண்டு வருசமா பாத்துகினுதான் கீறேன். கரண்ட் போச்சின்னா உன் பேச்சும் போச்சி. நான் இருட்டுல ஆயிரம் கேப்பேன், நீ 'உம்'முன்னு ஒரு சத்தம், அப்பால செவுத்து பக்கம் திரும்பிப்ப. பைத்தியத்தோட மவ, பேச்சே வேணாம்னு அருவருப்பு போலன்னு நெனச்சிப்பேன்.

— சீ! இருட்டுல இன்னா பேச்சி வேண்டிக் கெடக்குதுன்னு தூங்கிருவேன். அதுக்கு இன்னா இன்னாவோ நெனச்சிகினு கீற.

— சரி உடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த பொட்டி கத்தலன்னு நீ எப்டி அடிச்சி சொல்ற?

— எனக்கு கேக்கல.

— உனக்கு மட்டும் கேக்காம போயிருந்தா?

— எனக்கு மட்டுமா? வீராசாமி வந்தான். தரையில படுத்துகினு காத வச்சான். இல்லன்னான். வேம்புலி வந்தான், டீயும் பன்னுமா அரமணி நேரம் குந்தினான். இல்லன்னான். செங்கல்வராயன் வந்தான். அவன் சும்மா இல்ல, நம்ம கம்பெனி ஷாப்புல எந்த மிசின்ல எந்த போல்ட்டு லூசுன்னு கைய வச்சே சொல்லுவான். அவனும் இல்லன்னான். என்னோட சேத்து நாலு ஆளு, எட்டு காது. பதினாறு வருசமா ஒண்ணா அதே லைன்ல நிக்கறவங்க. பொய் சொல்லுவானுங்களா?

— என் ப்ரெண்டு ஜமீலாவ கேட்டுப் பாக்க கூப்ட்டேன். அவ வந்த அன்னிக்குப் பாத்து கரண்டு இல்ல.

— உன் நேரம்.

— என் நேரந்தான். மாமா, அணைச்ச பொறவும் கத்துதுன்னு சொன்னேன்ல?

— அத ஏன் இப்ப எடுக்கற? அதுதான் எனக்கு ரொம்ப மெர்சலு. ஓடற மிசினு கத்துதுன்னா கூட, சரி, மிசினுன்னு உடலாம். அணைஞ்சி, ஃபேனு நின்னு, ஸ்கிரீனு கறுப்பா ஆனப்பறமும் கத்துதுன்ற. எந்த மிசினும்மா அப்டி கத்தும்? எங்க ஷாப்புல மெயின் சுவிட்ச இறக்குனா செத்த பொணம் மாதிரி கெடக்கும் எல்லாம்.

— அங்கதான் விசயமே கீது. கேளு. நான் கிளாஸ்ல கத்துகினது பழைய மிசினு. டப்புனு பட்டன அமுத்துனா மொத்த கரண்டும் கட்டு. இது இப்ப வந்துகீற புது மாதிரி. ஸ்கிரீன்ல மூடுன்னு சொன்னா தானா அணையுது. ஆனா முழுசா அணையலன்னு நெனக்கறேன். உள்ள கொஞ்சூண்டு கரண்டு முழிச்சிகினு கீது. ஏன்னா, செவுத்து சுவிட்ச அணைச்சா சத்தம் டக்குனு நிக்குது. போட்டா வருது.

— அதனால?

— அதனால என்ன சோதிச்சி பாரு. இப்ப பொட்டிய மூடறேன். ஃபேனு நின்னுரும். உனக்கு ஒண்ணுமே கேக்காது. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன். நீ செவுத்து சுவிட்ச போடு, அணை, உன் இஷ்டம். கத்துதா இல்லியான்னு நான் சொல்றேன். எல்லாம் சரியா சொன்னா வேன திருப்பி அனுப்பு.

— தப்பா சொன்னா?

— ஒண்ணு தப்பா சொன்னாலும் நானே போய் வேன்ல குந்தறேன். எட்டு பொடவ இன்னா, பதினாறு எட்துக்கறேன். சுசீயும் அண்ணிகிட்ட இருக்கட்டும். அயுவ மாட்டேன்.

— பேபி, வேணாம்மே.

— ஏன்? தப்பா சொல்லிருவேன்னு பயமா?

— ஆமா. பயந்தான்.

— எனக்கும் பயந்தான். போய் சுவிட்சாண்ட நில்லு.

— சுவிட்சு 'டக்கு'ங்கும். அத வச்சி சொல்லிருவ நீ.

— போர்டுல மூணு சுவிட்சு கீது இல்ல? நடுவுல கீறது ஒண்ணுத்துக்கும் ஒதவாதது. அதையும் தட்டு. ரெண்டு மூணு வாட்டி தட்டு. ஏமாத்து. உன்னால எவ்ளோ ஏமாத்த முடியுமோ ஏமாத்து.

— சரி. மேல ஓடற ஃபேனையும் நிறுத்தறேன். ம். அந்த காலண்டரு பக்கம் திரும்பிக்கோ. தோ பாரு, வாயால சொல்ல வேணாம். கேட்டா கையத் தூக்கு. கேக்கலன்னா சும்மா நில்லு. கம்பெனியில டாக்டரு வந்தா இப்டித்தான் செய்வாரு.

— ...

— இன்னா? தாட ஆடுது, இன்னாவோ சொன்னியா? திரும்பி சொல்லு.

— சுசீ முழிச்சிக்கப் போறா, மெதுவா தட்டுன்னேன்.

— சரி சரி. திரும்பிக்கோ. பொட்டி மூடிட்டியா? ஃபேனு நின்னுட்ச்சா? நின்னுட்ச்சி, தோ கைய வச்சி பாத்துட்டேன், அதிரல. ஆரம்பிக்கறேன். ஒண்ணு. இப்போ சொல்லு.

— ...

— தூக்கிட்டியா. ம். சரிதான். சுவிட்சு போட்டுதான் கீது. அது எப்பவும் போட்டு கீறதுதான், யாரு வேணாலும் சொல்லலாம். எறக்கு. ரெண்டு. இப்போ?

— ...

— தூக்கல. நெஜமா தூக்கலியா? ம். அணைச்சிதான் கீறேன். எதேச்சையா கூட இருக்கும். மூணு. இரு, தட்டறேன். இப்போ.

— ...

— தூக்கல. நடு சுவிட்ச தட்டுனேன். கண்டுபுட்ச்சிட்ட. நாலு.

— ...

— தூக்கிட்ட. ஆமா. அஞ்சு. இரு, அவசரப்படாத. நாலு வாட்டி தட்டறேன், இன்னும் ரெண்டு. இப்போ சொல்லு பாக்கலாம். நல்லா யோசி. பாதி தூக்காத, தூக்குனா முழுசா தூக்கு.

— ...

— எப்டிம்மே? ஆறு தட்டு தட்டுனேன், எனக்கே தெரியல எதுல நின்னுதுன்னு, திரும்பிப் பாத்தாதான் தெரியுது. நீ சரியா சொல்ற. ஆறு. நான் ஒண்ணும் தட்டல. அப்டியே உட்டேன். ம். தூக்கின கைய எறக்கல நீ. சரி. ஏழு.

— ...

— இது இன்னாது இது பேபி? ஏழும் சரி. இரு. எட்டு. இதுதான் கடைசி. இதுல உன்ன மாட்டிவுடறேன் பாரு. இப்போ சொல்லு.

— ...

— தூக்கல. தூக்கலியா? நல்லா யோசிச்சி சொல்லு. சுவிட்சு போட்டுதான் கீது. சாமி மேல ஆணையா போட்டுதான் கீது. தப்பா சொல்லிட்டியே பேபி. திரும்பு. நீயே வந்து பாரு.

— இல்ல மாமா. சத்தம் இல்ல. சுவிட்சு போட்டு இருக்கட்டும், எப்டி வேணா இருக்கட்டும், பொட்டி கத்தல. சாவடிச்சாலும் நான் கேக்குதுன்னு சொல்ல மாட்டேன்.

— பிளக்க புடுங்கிட்டேன்.

— இன்னாது?

— சுவிட்ச போட்டுட்டு, கீய பிளக்க புடுங்கிட்டேன். தோ என் கையில கீது பாரு.

— அப்ப எட்டும் சரியா மாமா?

— எட்டுக்கு எட்டு. அயுவாத. ஏய், அயுவாதம்மே. உனக்கு ஒண்ணும் இல்ல. மெய்யாலுமே பொட்டிதான் கத்துது. ஐயோ, நான் இன்னா காரியம் பண்ணப் பாத்தேன்!

— எங்கம்மா மாதிரி இல்லல்ல நானு?

— இல்ல. இல்லவே இல்ல.

— இன்னொரு தபா சொல்லு.

— உனக்கு ஒண்ணும் இல்ல பேபி. புள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. அக்கா வரட்டும், ஒரு டீத்தண்ணி குட்த்து திருப்பி அனுப்பிடறேன். திட்டும். திட்டட்டும். நான் வாங்கிக்கறேன்.

— எட்டு பொடவையும் நீதான் பையிலேந்து எட்து மடிச்சி வெக்கணும்.

— வெக்கறேன். கூட உன் கால அமுக்கி வுடறேன். போதுமா? ஆனா ஒண்ணு. அப்ப இத்தினி பேருக்கு ஏன் கேக்கல? மிசினு தொறந்து பாத்தானே அந்த ரிப்பேருக்கார ஜேம்ஸு, அவனுக்குமா கேக்கல?

— அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். குமணன்சாவடியிலேந்து வந்தானே, வெள்ளிக்கெழம. நான் லாரியில தண்ணி புடிக்கப் போயிருந்தேன். உன்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனான்?

— ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனான்.

— அப்டியே சொன்னானா? 'ஒண்ணும் இல்ல'ன்னு வாயால சொன்னானா?

— தூசி தட்டுனான். ஃபேனுக்கு எண்ண வுட்டான். திரும்ப மூடுனான். அப்பறம் குனிஞ்சிகினு ஸ்க்ரூட்ரைவரெல்லாம் பையில போட்டுகினே இன்னாவோ சொன்னான். நான் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். பிரச்சன இருந்தா நிமிந்து சொல்லிருப்பான்ல?

— இன்னாவோன்னா?

— இன்னாவோதான். குனிஞ்சிகினு முணுமுணுன்னான். உன் ஜமீலா ஊட்டுக்காரரு மாதிரியே, தாடிக்குள்ள பேசற ஆளு.

— ஜேம்ஸுக்கு தாடி இல்ல மாமா.

— இல்லியா? சரி, இல்ல.

— அவன் நேத்து கடத்தெருவுல என்ன பாத்தான். 'அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லிட்டன்கா, பயப்படாதீங்க, சின்ன பொட்டி அப்டித்தான்'ன்னான். நான் உன்னோட கோவத்துல, நீங்கல்லாம் சேந்து இன்னாவோ பேசி வச்சிகீறீங்கன்னு நெனச்சிகினு நிக்காம வந்துட்டேன். அவன் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான். பொட்டி கத்துதுன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்.

— அட, சொன்னான்னா நான் உன்கிட்ட சொல்லாமயா இருப்பேன்? இந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டுக்கு?

— அதான் மாமா எனக்கும் புரியல.

— உடு. இப்ப தெரிஞ்சிட்ச்சி இல்ல.

— கம்பெனியில டாக்டரு கையத் தூக்க சொல்லுவாருன்னியே. எப்டி சொல்லுவாரு?

— அதுவா? வருசத்துக்கு ஒரு தபா வருவாரு. வரிசையா பெஞ்சில குந்த வெப்பாங்க. பின்னாடி நின்னுகினு ஒரு மிசினு வச்சி சத்தம் குடுப்பாரு. கேட்டா கையத் தூக்கணும். நான் என்னிக்கும் பாஸு. வீராசாமி தூக்குனா நானும் தூக்கிருவேன்.

— வீராசாமிய பாத்துத்தான் தூக்குவியா?

— ஓரக்கண்ணால. எல்லாரும் அப்டித்தான். சிரிக்காத, போன வருசம் வீராசாமிகிட்ட சொன்னேன், 'டேய், உன்ன பாத்துதாண்டா நான் தூக்கறேன்'னு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'போடா, நான் உன்ன பாத்துதான் தூக்கறேன்'னான்! டீக்கடையில விழுந்து விழுந்து சிரிச்சோம்.

— நான் சிரிக்கல மாமா.

— இன்னா ஆச்சி? ஏன் மறுபடியும் மூஞ்சி இப்டி ஆவுது?

— வேம்புலி, செங்கல்வராயன், எல்லாரும் அந்த பெஞ்சில குந்தறவங்கதானா?

— பின்ன? ஒரே லைனு. பதினாறு வருசம் டமால் டமால்னு தகட்ட வெட்டறவன் காதுல கொஞ்சம் வண்டு ஓடத்தான் ஓடும். ஊட்டுக்கு வந்தாலும் ங்கொய்னு ஓடும். அது எல்லாருக்கும் ஓடறதுதான்.

— எனக்கு ஓடாது மாமா.

— உனக்கு ஓடாதா? சும்மா இருக்கும்போது? படுக்கும்போது?

— ஓடாது. சும்மா இருந்தா சும்மாதான் இருக்கும்.

— சும்மான்னா... ஒண்ணுமே இல்லாமயா?

— மாமா, அந்த காலண்டரு பக்கம் நீ திரும்பி நில்லு.

— எதுக்கு? பொட்டி சத்தந்தான் எனக்கு கேக்காதுன்னு தெரிஞ்சிட்ச்சே.

— பொட்டிக்கு இல்ல. நான் கூப்புடுவேன். அவ்ளோதான். உன் பேர சொல்லி, சாதாரணமா, சோறு துன்ன கூப்புடற மாதிரி. கேட்டா கையத் தூக்கு.

— இன்னாம்மே வெளாட்டு இது? அக்கா வர நேரம்.

— எனக்கோசரம் மாமா. நான் எட்டு வாட்டி நின்னேன்ல? நீ ஒரு வாட்டி நில்லு.

— சரி தாயி. நிக்கறேன். தோ, திரும்பிட்டேன். காலண்டருல முருகன் சிரிச்சிகினு கீறாரு. ம், ஆரம்பி.

— மாமா.

— மாமா, கூப்ட்டுட்டேன். கையத் தூக்கு.

— மாமா, மூணு அடிதான் கீது நமக்கு நடுவுல. கைய நீட்டுனா உன் முதுவ தொட்டுருவேன். தொட மாட்டேன். நீயா தூக்கு.

— தங்கவேலு மாமா. சுசீ எய்ந்துகிச்சி. உள்ள அயுவுது. உனக்கு கேக்குதா?

— இருட்டுல நான் எத்தினி கேட்டேன் மாமா, என் வாயி தெரியாமத்தான் பேசலியா நீ? அருவருப்புன்னு நெனச்சனே. ரெண்டு வருசம் அப்டி நெனச்சிகினு அயுதனே. தூக்கு மாமா, எனக்கு பயமா கீது, ஒரு வெரலாவது தூக்கு.

— டேய் தங்கவேலு! தங்கவேலு! அக்கா வந்துகீறேன்டா, கதவத் தொற! வேனு நிக்குது!

— உங்க அக்கா மாமா. வேம்புலியம்மா அண்ணி. வாசல்ல நின்னு கத்தறாங்க. உன் பேரத்தான் கூப்புடறாங்க.

— தங்கவேலூ! எங்கடா போய்த் தொலஞ்ச?

— மாமா!

— இன்னா பேபி, சத்தத்தையே காணோம்? நான் எவ்ளோ நேரம் இந்த முருகனயே பாத்துகினு நிக்கறது? ஆரம்பிக்கறதுன்னா ஆரம்பியேன்.